பெரியப்பா எழுதித் தந்த பேச்சு

டென்மார்க்கின் கீழிருக்கும் கிரீன்லாந்தை அமெரிக்க ஜனாதிபதி விலைக்குக் கேட்ட கிழமையில்தான் பெரியப்பா அமெரிக்காவிலிருந்து, டென்மார்க்கில் நாங்கள் இருந்த கிரின்ஸ்டெட்டுக்கு வந்து இறங்கினார். தலையில் ஒரு சிவப்புத் தொப்பி. அந்த ஜனாதிபதியின் ஆட்கள் கூட்டங்களுக்குப் போட்டுக்கொண்டு போகிற தொப்பி. வாசலில் அதைக் கண்டதுமே அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. எனக்கு அப்போது பதினொரு வயது.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் ஒரே சண்டைதான். ஆளில்லாத பனிக்காணி, நல்ல விலை வந்தால் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்பார் பெரியப்பா. அங்கே சனம் இருக்கிறதே, அவர்களைக் கேட்டாரா உங்கள் ஜனாதிபதி என்று அப்பா எகிறுவார். இருபது வருடமாக டென்மார்க்கின் குளிரையும் வரியையும் திட்டிக்கொண்டிருந்த மனுசன், அந்தக் கிழமை மட்டும் மகாராணியாரின் தளபதி போலக் கதைத்தார். பிறகு கதை குடிவரவுக்குத் திரும்பும். வேலி பாய்ந்து வருகிறவர்களைப் பிடித்து அனுப்புவதில் என்ன பிழை என்பார் பெரியப்பா. உந்தத் தொப்பிக்காரர் உங்கள் தோலைப் பார்த்தால் உங்களையும் சேர்த்துத்தான் விமானத்தில் ஏற்றுவார்கள் என்பார் அப்பா. அம்மா மேசைக்குக் கீழே அப்பாவின் காலை மிதிப்பார்.

அம்மாவுக்கு இந்த அரசியல் ஒன்றும் வேண்டாம். அவருக்கு ஒரு கடிதம் வேண்டும். அம்மாவின் தம்பி, என் மாமா, ஒன்றரை வருடமாக அகதி முகாமில் இருந்தார். முதல் விண்ணப்பம் தள்ளுபடி. ஊரில் இலங்கை ஆமி பிடித்துக்கொண்டு போனது என்று அவர் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. மேன்முறையீட்டுக்கு, கண்ணால் கண்ட ஒருவரின் கடிதம் வேண்டும் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். கண்டவர், அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணனான இந்தப் பெரியப்பாதான். தன் தாயின் செத்தவீட்டுக்கு அவர் ஊருக்குப் போயிருந்த கிழமையில்தான் மாமாவைப் பிடித்தார்கள். ஆமிக் காம்ப் வாசலில் போய் நின்று, பொடியனை விடுங்கோ என்று கேட்டவரும் அவர்தான். அதனால் அம்மா ஒவ்வொரு நாளும் நண்டும் கணவாயுமாகச் சமைத்துப் போட்டார். பெரியப்பாவும் ருசித்துச் சாப்பிட்டார். கடிதத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் நாளைக்குப் பார்ப்பம் என்றார்.

இதற்குள் என் பள்ளிக்கூடம் வேறு. வகுப்பை இரண்டாகப் பிரித்து, அந்த ஜனாதிபதி செய்வது சரியா பிழையா என்று திங்கட்கிழமை விவாதிக்கச் சொன்னார் ஆசிரியை. சீட்டுக் குலுக்கியதில் எனக்குச் சரி என்று விழுந்தது. டென்மார்க்கில் விவாதம் என்றால் கதிரையில் இருந்தபடி சும்மா கதைப்பது. எங்கள் வீட்டில் யாருக்கு அது தெரியும்? தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டி என்று நினைத்துவிட்டார்கள். பெரியவர் எழுதிக் கொடுக்க, பிள்ளை பாடமாக்கி, கையை நீட்டி மடக்கிச் சொல்லவேண்டும். பெரியப்பா ஒரே இருப்பில் இரண்டு பக்கம் செந்தமிழில் எழுதித் தந்தார். பிறகு டேனிஷில் மாற்றிக்கொள்ளலாமாம். எனக்கு அதில் பாதி விளங்கவில்லை. ஆனால் பாடமாக்குவதில் நான் கெட்டிக்காரி.

சனிக்கிழமை அப்பா காரில் போய் மாமாவை முகாமிலிருந்து கூட்டிவந்தார். பேச்சுப் போட்டியாமே, எங்கே சொல்லிக் காட்டு பிள்ளை என்றார் மாமா. பெரியப்பா அவசரமாக, சாப்பிட்ட பிறகு பார்க்கலாம் என்றார். நான் விடுவேனா? பேப்பரை மாமாவின் கையில் திணித்தேன். பேச்சுக்குப் பழகும்போது ஒருவர் பேப்பரைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை தடக்குப்பட்டால் அடியெடுத்துக் கொடுக்கவேண்டும். அதுதான் எங்கள் வழக்கம்.

அவையோருக்கு வணக்கம் சொல்லி, கிரீன்லாந்தைத் தாண்டி, எல்லை மதிலையும் தாண்டிய பிறகு தடக்குப்பட்டேன். கை அந்தரத்தில் நிற்கிறது, வசனம் வரவில்லை. மாமா பேப்பரைப் பார்த்தார். பிறகு மெதுவாக அடியெடுத்துக் கொடுத்தார்.

"பொய் சொல்லி அகதியாய் வந்தோரைத் திருப்பி அனுப்புவதே நீதி."

நான் அதைக் கணீரென்று சொல்லி, நன்றி வணக்கமும் சொல்லி முடித்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. அம்மா அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து, சட்டத்தரணி அனுப்பிய தாளைப் பெரியப்பாவின் முன்னால் வைத்தார்.

"அத்தான், தம்பி பொய் சொல்லேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். வாசலிலை நிண்டது நீங்கள்தானே. எழுதித் தாங்கோ."

பெரியப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நான் அங்கை நிக்கேல்லை. ஊரை விட்டு வந்த நாளிலையிருந்து நான் திரும்பிப் போகவேயில்லை. அப்பிடித்தான் என்ரை பேப்பரிலை எழுதிக் குடுத்திருக்கிறன்."

ஊருக்குப் போனால் உயிர் போகும் என்று சொல்லி அமெரிக்காவில் அகதியானவர், தாய் செத்ததும் இந்தியா வழியாகக் களவாகப் போய் வந்திருக்கிறார். குடியுரிமைப் படிவத்திலும் அதை மறைத்துவிட்டார். இப்போது அங்கே பழைய பேப்பர்களைக் கிண்டுகிறார்கள், பொய் அகப்பட்டால் குடியுரிமையையே பறிப்பார்கள் என்று கதை. கடிதம் எழுதினால் தன்னைத் தானே காட்டிக்கொடுத்த மாதிரி. பொய்க்காரரைப் பிடி என்று கத்துகிறவனை ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள் என்றுதான் அந்தத் தொப்பியும் அவ்வளவு சத்தமும். இதெல்லாம் எனக்கு வளர்ந்த பிறகுதான் விளங்கியது. சீ, என்ன மனுசன் என்று ஆத்திரம் வருகிறது. பாவம் என்றும் வருகிறது.

மாமா மட்டும் கோபப்படவில்லை. விடுங்கோ அக்கா, அவருக்கும் பிள்ளையள் இருக்கு என்றார். கடிதம் இல்லாமல் மேன்முறையீடும் தள்ளுபடியாகி, அந்தக் குளிர்காலம் முடிய முன்னமே அவரை இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவில் இருத்தி விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள். இறங்கியதும் போன் எடுப்பதாக அம்மாவிடம் சொல்லியிருந்தார். இன்னும் எடுக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு இதொன்றும் தெரியாது. பெரியப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுததை மட்டும்தான் கண்டேன். திங்கட்கிழமை வகுப்புக்குப் போய், என் பேச்சைக் கேட்டு அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவரே அழுதுவிட்டார் என்று எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னேன்.