ஓரகத்திக்கு வருகிற போன்

பரளச்சிப் பக்கம் எங்கள் ஊர். எனக்கும் என் ஓரகத்திக்கும் ஒரே முற்றம், ஒரே சர்க்கரை வியாதி. போன் வருவது மட்டும் அவளுக்குத்தான்.

அவள் மகன் சென்னையில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அந்த வேலையில் தாய்க்கும் சேர்த்து இன்சூரன்ஸ் உண்டு. செவ்வாய் தவறாமல் அந்த இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ஒரு நர்ஸ் பேசுவாள். மாத்திரை தீரும் முன்னே வீடு தேடி வந்துவிடும். மதுரையில் கண் டாக்டர் பார்த்ததைச் சர்க்கரை டாக்டருக்கு அவர்களே அனுப்பிவிடுவார்கள். எனக்கும் ரெண்டு டாக்டர் உண்டு. ஒருத்தர் எழுதியது இன்னொருத்தருக்குத் தெரியாது. "கால் எரியுதாம்மா?" என்று நர்ஸ் கேட்பதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பதில் சொல்வாள் மகராசி. கேட்கக் கேட்க எனக்கு வயிறு பற்றி எரியும். என் காலும்தான் எரிகிறது, கேட்க நாதியில்லை.

விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற மிஷினும் அவர்களே கொடுத்திருந்தார்கள். ஒருநாள் அவள் பருத்திக் காட்டுக்குப் போனதும், அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று என் விரலைக் குத்திப் பார்த்தேன். நானூறுக்கு மேலே காட்டியது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்த வாரம் மாத்திரையை நிறுத்தியிருந்தேன். பாழாய்ப்போன மிஷின் கெட்டுவிட்டது என்று துடைத்து வைத்தேன். அது காட்டுவதெல்லாம் தானாகவே நர்ஸுக்குப் போய்விடும் என்று நான் என்னத்தைக் கண்டேன்?

ஓரகத்தி காட்டிலிருந்து வந்து நிற்கவும் போன் அடித்தது.

"மேடம், உங்களுக்குச் சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கு. இப்படியே விட்டா உசுருக்கே ஆபத்து. அருப்புக்கோட்டையில டாக்டர்கிட்ட சொல்லிட்டோம், கார் அனுப்புறோம்."

"நான் இன்னைக்குக் குத்தவே இல்லையே தாயி" என்றவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முழி காட்டிக்கொடுத்துவிட்டது. "யக்கா, நீங்களா?"

தலையை ஆட்டினேன். அவள் போனில் விவரத்தைச் சொன்னாள்.

"அப்ப அவங்களை உடனே கூட்டிட்டுப் போங்க மேடம். ஆனா அவங்க உங்க பாலிசியில இல்ல. எங்களால கார் அனுப்ப முடியாது."

ஓரகத்தி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அப்ப அது என் ரத்தம்னே எழுதிக்க தாயி. வண்டி வரட்டும், அவுகள நான் ஏத்தி விடுறேன்."

"அப்படி முடியாதும்மா. தயவுசெஞ்சு லேட் பண்ணாம கிளம்புங்க."

கால் மண்ணைக்கூடக் கழுவாமல் என் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அருப்புக்கோட்டையில் டாக்டர் ஊசி போட்டு டிரிப்ஸ் ஏற்றினார். நல்ல நேரத்தில் கூட்டிவந்தீர்கள் என்று அவளிடம்தான் சொன்னார். என் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். அப்போதும் அவள்மேல் எனக்குப் பொறாமைதான். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், அதை என் ரத்தம் என்று சொல்லியிருக்க மாட்டேன்.