அப்பா காட்டிய பக்கம்

புளித்த கஞ்சி வாடை எங்கே வந்தாலும் எனக்குக் கூடவே பெட்ரோல் வாடையும் அடிக்கும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு, எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதக் காலையில், ஆரணியில் வறண்டு கிடந்த எங்கள் ஏரிக்குள் ஒரு குட்டி விமானம் இறங்கிய கதையைத்தான் சொல்லவேண்டியிருக்கும்.

அன்று எங்கள் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றப் பந்தல் போட்டுவிட்டார்கள். வழக்கமாகத் தெருவிலேயே நீட்டும் பட்டுப் "பாவு" நூலை, அதாவது தறியில் ஏற்றவேண்டிய நீள இழைகளை, அப்பா ஏரிக்குள் கொண்டுபோய், இரு முனையிலும் மூங்கில் நட்டு இழுத்துக் கட்டினார். நீட்டிய பாவை ஆடு மாடு மிதித்துவிட்டால் எங்களுக்கு ஒரு மாதப் பிழைப்பு போச்சு. ஒன்பது வயதுப் பெண்ணான நான், இழை விறைக்கப் பாவில் பூசும் கஞ்சித் தண்ணீர் வாளியோடு நின்றிருந்தேன்.

தலைக்குமேல் போய்க்கொண்டிருந்த விமானம் விக்கி விக்கிச் சத்தம் போட்டது; பிறகு சத்தமே இல்லை. அப்படியே தாழ்ந்து நேராகப் பாவை நோக்கி வந்தது. நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்பா ஓடவில்லை. பாவுக்கு முன்னால் நின்று, வெள்ளாட்டை விரட்டுகிற மாதிரி இரண்டு கைகளையும் ஒரே பக்கமாக வீசி, "அந்தாண்ட போ! பாவு கீது, அந்தாண்ட போ!" என்று கத்தினார். விமானம் பேச்சைக் கேட்டது. அவர் காட்டிய பக்கம் திரும்பித் தரையைத் தொட்டு, அங்கிருந்த வாய்க்காலில் சக்கரம் இறங்கி, மூக்குக் குத்தி, பெட்ரோல் ஒழுக நின்றது. ஓட்டி வந்த இளைஞருக்குக் கால் முறிந்துவிட்டது. பாவில் ஓர் இழைகூட அறுபடவில்லை.

என்ஜினுக்குப் பெட்ரோல் போகாமல் அடைத்துக்கொண்டதுதான் விபத்துக்குக் காரணம் என்றார்கள் விசாரிக்க வந்த அதிகாரிகள். சரி, இறங்கியதற்கு அது காரணம். சமதரையை விட்டு வாய்க்காலுக்குப் போனதற்கு? அதை யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்குத்தான் நாலு நாளாய்ச் சோறு இறங்கவில்லை. "போயி உள்ளத சொல்லிட்டு வாங்க, மனசாவது ஆறும்" என்று அம்மா விரட்ட, என்னையும் கூட்டிக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அந்த இளைஞர் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "ஐயா, அங்க கயிறு கட்டியிருக்குன்னு நீங்க கை காட்டலைன்னா, அதுல சிக்கி நான் செத்திருப்பேன்." அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். திரும்பும் பஸ்ஸில், கண்ணமங்கலம் தாண்டியதும் சொன்னார்: "அவர நான் எங்கம்மா பாத்தேன்? என் கண்ல பாவு தானே இருந்துச்சி."

பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அட்டை வந்தது, "என் உயிரைக் காத்தவருக்கு" என்று. அப்பா என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்; பதில் போடமாட்டார்.

அந்த ஏரி இப்போது வீட்டு மனைகள். வாய்க்கால் இருந்த இடம் தெரியவில்லை. விமானம் நேராக வந்திருந்தால் மூங்கில் முறிந்து, இழைகள் அறுந்து, அந்த இளைஞர் நல்ல காலோடு இறங்கியிருப்பாரா, இல்லை அவர் சொன்னதுதான் நடந்திருக்குமா? யோசித்தால் இன்றும் குழப்பம்தான். அப்பா காலமான வருடமும் அட்டை வந்தது. வெள்ளாடு உட்பட நடந்ததையெல்லாம் எழுதி, அப்பா சார்பில் மன்னிப்பும் கேட்டு, நான் கடிதம் போட்டேன்.

அடுத்த பொங்கலுக்கு அட்டை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.