தின்னக் கூடாத புல்

நான் புல் வளர்த்துச் சம்பளம் வாங்குகிறவன். மருங்காபுரிப் பக்கம் இருக்கும் என் சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். மானாவாரிக் காட்டில் கடலையும் சோளமும் போடுகிற குடும்பம் எங்களுடையது. அருகம்புல் என்றால் எங்களுக்கு ஜென்ம விரோதி. கொத்தி எடுத்து, வேரை உதறி, வரப்பில் காயப்போட்டுக் கொளுத்தினாலும் அடுத்த மழைக்கு அதே இடத்தில் வந்து நிற்கும் சனியன். அந்த அருகுக்குத்தான் நான் பல வருஷமாகத் தண்ணீர் விட்டு, உரம் வைத்து, நோய் வந்தால் ராத்திரி தூங்காமல் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். வேலை கிடைத்த புதிதில் என் அப்பா கேட்டார்: "ஏன்டா, புல்லு முளைக்கிறதுக்கு ஒரு ஆளு வேணுமா? அதுபாட்டுக்கு முளைக்கும்ல?" கேட்டுவிட்டு அன்று முழுக்கத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதுபாட்டுக்கு முளைக்கும் புல்லில் கோல்ஃப் ஆட முடியாது, அதுதான் விஷயம். திருச்சிக்கு வெளியே, தெற்கே, ஒரு சின்ன மைதானம் எங்களுடையது. குழி இருக்கும் வட்டமான இடத்தைக் கிரீன் என்பார்கள். அங்கே புல் ஜமக்காளம் மாதிரி இருக்க வேண்டும், அதுவும் புது ஜமக்காளம். தினமும் உருளைக் கத்தி மெஷினால் ஒட்ட வெட்டுகிறோம். தாடியை மழிப்பதுபோல வெட்டிவிட்டு, செத்துப்போகாமல் பிழைத்திரு என்று அதனிடம் சொல்கிறோம். விடிந்ததும் முதல் வேலை பனியைத் தட்டுவது. நீளமான மூங்கில் கழியைப் புல்லின் மேல் வாக்கில் வீசிக்கொண்டே போனால் பனித்துளி உதிர்ந்துவிடும். உதிராமல் நின்றால் அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். கோடையில் போர் தண்ணீர் உப்புத் தட்டும். புல்லின் நுனி கருகும். மழைக்காலத்தில் கோரை வரும், வெண்புழு வரும், பக்கத்துக் கரட்டுக் குன்றிலிருந்து காட்டுப்பன்றி வந்து ஒரே ராத்திரியில் ஏர் ஓட்டிவிட்டுப் போகும்.

ஆட வருகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? "கிரீன் ஸ்லோவா இருக்கே" என்பார்கள். பந்து வேகமாக உருளவில்லையாம். சித்திரை வெயிலில் நீங்கள் இங்கே மல்லாந்து படுத்துப் பாருங்கள், நீங்களும் ஸ்லோவாகத்தான் இருப்பீர்கள் என்று நாக்கு நுனிவரை வரும். "பாத்துடலாங்க சார்" என்று மட்டும் சொல்வேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், ஆனால் சம்பளம் தருகிற இடத்தில் வராது.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பழகவே இல்லை. இவ்வளவு பச்சையாக, இவ்வளவு கவனமாக வளர்த்த ஒரு பயிரை எந்த உயிரும் வாயில் வைக்கக் கூடாது. மாடு நுழைந்தால் விரட்டுகிறோம். ஆடு நுழைந்தால் ஆட்டுக்காரரோடு சண்டை. வெட்டிய புல்லைக்கூட மாட்டுக்குப் போட முடியாது, மருந்து அடித்த புல். குழி தோண்டிக் கொட்டுகிறோம். வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டில் பிறந்தவனுக்கு அதைப் பார்க்க வயிறு எரியும்.

அதனால்தான் அந்த ஜூஸ்காரம்மா வந்து கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உறையூர்க்காரி. கணவர் இல்லை, பெண் காலேஜில் படிக்கிறாள். அருகம்புல்லை அரைத்து ஜூஸாக்கி, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் காலையில் வாக்கிங் போகிறவர்களுக்கு விற்கிறவள். "அண்ணே, இவ்ளோ அருகு வச்சிருக்கீங்க, ஓரமா கொஞ்சம் அறுத்துக்கட்டுங்களா?" என்றாள். கிரீன் பக்கம் மூச்சே விடக் கூடாது என்று சொன்னேன். ஷெட்டுக்குப் பின்னால், குழாயடியை ஒட்டி ஒரு பாத்தி அருகு தானாக மண்டிக் கிடந்தது. அங்கே நாங்கள் எதையும் அடிப்பதில்லை. அதை அறுத்துக்கொள்ளச் சொன்னேன். விடியுமுன் மொபெட்டில் வந்து, இரண்டு பை நிறைய அறுத்து, குழாயடியில் அலசிக்கொண்டு போவாள். கடைசியில் நான் வளர்த்த புல்லும் ஒருவர் வயிற்றுக்குப் போகிறது என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன்.

என் மனைவிக்குச் சர்க்கரை உண்டு. எங்கள் வீடும் ஸ்ரீரங்கம்தான். அம்மா மண்டபம் வரை நடந்துவிட்டு, திரும்பும்போது அந்த ஜூஸை ஒரு கிளாஸ் குடித்துவிட்டு வருவாள். பெரும்பாலும் முதல் கிளாஸ் இவளுடையதுதான். "உங்க தோட்டத்துப் புல்லுங்கிறதால குடிக்கிறேன், இல்லாட்டி இந்தக் கசப்பை எவ குடிப்பா" என்பாள். விற்கிறவளோ அதை வாயில் வைப்பதே இல்லை. கேட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. மழை விட்டதும் படைப்புழு இறங்கியது. நேற்று பச்சையாக இருந்த கிரீன் இன்று பார்த்தால் திட்டுத் திட்டாகப் பழுத்துக் கிடக்கிறது. விட்டால் ஒரு வாரத்தில் மைதானமே மொட்டையாகிவிடும். சாயங்காலம் ஆட்கள் எல்லாம் போனபிறகு மருந்து அடிக்கச் சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மருந்து அடித்த இடத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது குச்சிகள் எல்லாம் ஒழுங்காக நின்றன. மருந்து அடித்தவர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், நாணயமான மனிதர், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கழியால் பனி தட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் வந்தார்.

"எல்லாம் முடிச்சாச்சு சார். டேங்கில கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. கொட்ட மனசு வரல. ஷெட்டுக்குப் பின்னாடி அடிச்சு விட்டுட்டேன். அங்கயும் புழு இருக்கும்ல?"

பாராட்டுவேன் என்று எதிர்பார்த்து நின்றார். எப்படித் திட்டுவது? எங்கள் காட்டில் மருந்து மிஞ்சினால் யாராவது தரையில் கொட்டுவார்களா? பக்கத்து வரப்புக்கு அடிப்போம், அதுவும் இல்லையென்றால் பங்காளி வயலுக்காவது அடித்துக் கொடுப்போம். அவர் இடத்தில் என் அப்பா இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். நான் ஷெட்டுக்குப் பின்னால் ஓடினேன். பாத்தியில் பாதி அறுத்திருந்தது. குழாயடி ஈரமாக இருந்தது.

ஜூஸ்காரம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வியாபார நேரத்தில் போன் பைக்குள் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்து மனைவிக்குப் போட்டேன்.

"என்னங்க இந்நேரத்துல?"

"ஜூஸ் குடிச்சிட்டியா?"

"இப்பதான் குடிச்சேன். ஏன்?"

கடவுளே. "அந்தப் புல்லுல புழு மருந்து அடிச்சிருக்கு. வேற யாரு குடிச்சா?"

"இன்னும் யாரும் குடிக்கல. எனக்கு அடுத்து ஒருத்தர் கிளாஸை வாங்கிட்டாரு..." அதற்குமேல் பேச்சில்லை. ஏதோ உருளும் சத்தம், ஆட்கள் கத்தும் சத்தம், போன் கட்.

மருந்து பாட்டிலைத் தூக்கிப் பைக்கின் டேங்க் கவரில் திணித்துக்கொண்டு கிளம்பினேன். அந்த வழியில் நான் எத்தனை பேரைத் திட்டினேன், எத்தனை பேர் என்னைத் திட்டினார்கள் என்று நினைவில்லை. காவிரிப் பாலத்தில் ஸ்கூல் வேன்கள் நகரவே இல்லை. கீழே ஆறு நிறையத் தண்ணீர் போனது. ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு அதைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாமா என்றிருந்தது. அவள் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என் தொழிலைக் கேலி பண்ணிக்கொண்டே, என் புல்லை நம்பிக் குடித்தவள்.

போய்ச் சேர்ந்தபோது ரோட்டில் பச்சையாக ஜூஸ் ஓடிக் கிடந்தது. எவர்சில்வர் கேன் சாக்கடை ஓரம் கவிழ்ந்திருந்தது. நாலைந்து பேர் வாக்கிங் ஷூவோடு வட்டம் கட்டி நின்றார்கள். ஜூஸ்காரம்மா நடைபாதையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள்: "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேக்கா! உனக்கு நான் என்னக்கா கெடுதல் பண்ணேன்?" ஒரு பெரியவர் சட்டையெல்லாம் பச்சைக் கறையோடு என் மனைவியைப் பார்த்து, "கையில இருக்கிற கிளாஸைத் தட்டி விடறீங்க, கேனை எட்டி உதைக்கிறீங்க, படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, உங்களுக்குப் பைத்தியமா?" என்று சத்தம் போட்டார்.

அவள் ஒரு வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தலை சுத்துச்சுங்க. கால் பட்டுடுச்சு. மன்னிச்சுக்குங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். என்னைப் பார்த்ததும் நான் வாயைத் திறக்குமுன் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பைக்கை அங்கேயே விட்டுவிட்டு, மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு, ஆட்டோவைக் கூப்பிட்டு அவளை ஏற்றினேன். "நீயும் ஏறும்மா" என்று ஜூஸ்காரம்மாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். காலி கேனையும் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

ஆட்டோவில்தான் விஷயத்தைச் சொன்னேன். அழுதுகொண்டிருந்த ஜூஸ்காரம்மா அப்படியே நிறுத்திவிட்டாள். "அலசித்தானேண்ணே எடுத்துட்டுப் போனேன்" என்றாள். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குள் இவளுக்கு வியர்க்க ஆரம்பித்திருந்தது. வாந்தி வருகிறது என்றாள்.

ஆஸ்பத்திரியில் பாட்டிலைப் பார்த்த டாக்டர், இதைக் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்றார். உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நான் வெளியே நின்றேன். மாட்டுக்குக்கூடப் போடாத புல்லை மனுஷிக்குக் கொடுத்தேனே என்று எனக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பந்து வேகமாக உருள்வதற்காக அடித்த மருந்து, இவள் உடம்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு சேரில் ஜூஸ்காரம்மா, காலி கேனை மடியில் வைத்துக்கொண்டு, மகளுக்குப் போன் போடாமல், வீட்டுக்கும் போகாமல் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் டாக்டர் வந்து பயமில்லை என்று சொன்னபோது நான் அழுதுவிட்டேன். வெட்கப்படவில்லை.

இரவு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "அத்தனை பேரு திட்டுறாங்க. மருந்து கலந்திருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயை மூடிட்டுப் போயிருப்பாங்கள்ல?"

"சொல்லியிருந்தா நாளைக்கு அவகிட்ட யாரு வாங்குவா? அவ செஞ்ச தப்பா அது? என்னைத் திட்டினா திட்டிட்டுப் போறாங்க, எனக்கென்ன கடையா இருக்கு?"

வயிற்றில் விஷம் இருக்கிறது என்று தெரிந்த நிமிஷத்தில் இவளுக்கு இதை யோசிக்க எப்படி முடிந்தது? கேட்டால் கிண்டல் பண்ணுவாள். கேட்கவில்லை.

வேலைக்குப் போனதும் ஷெட்டுக்குப் பின்னாலிருந்த பாத்தியை வேரோடு வெட்டி எடுக்கச் சொன்னேன். மருந்து அடித்தவர் நடந்ததைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. கடப்பாரையை வாங்கி அவரே தோண்டினார். இனிமேல் மருந்தை அளந்துதான் கலக்குவது, மிஞ்சினால் அடித்த கிரீனுக்கே போக வேண்டும் என்று முடிவு பண்ணினோம். யாரும் உள்ளே வந்து ஒரு புல்லைக்கூட அறுக்கக் கூடாது. ஜூஸ்காரம்மாவுக்கு அதைச் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. "மாடும் திங்கக் கூடாது, மனுஷனும் திங்கக் கூடாது. அப்புறம் எதுக்குண்ணே அதை இப்படிப் போட்டு வளக்குறீங்க?" என்றாள். கிண்டலாகக் கேட்டிருந்தால் கிண்டலாகவே ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

குழுமணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் அவளுக்குப் புல் கிடைத்தது. மறுபடி கடை போட்டாள். ஆனால் ஆள் வரவில்லை. ஒரு பெண்பிள்ளை அந்த ஜூஸைக் குடித்துவிட்டுத் தலைசுற்றிக் கேன் மேலேயே விழுந்தாள் என்று பேச்சாகிவிட்டிருந்தது. வாக்கிங் போகிறவர்கள் கேனைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார்கள்.

என் மனைவிக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு நாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, நடந்துட்டு வருவோம்" என்றாள். டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் ஓய்வு எடுக்கச் சொல்லியிருந்தார். சொன்னால் கேட்கிற ஆளா? கூடப் போனேன். அம்மா மண்டபம் ரோட்டில் அதே இடத்தில், அதே கேன். பச்சைக் கறைப் பெரியவரும் இன்னும் சிலரும் தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவளைப் பார்த்ததும் எல்லோரும் திரும்பினார்கள்.

நேராகப் போய், அவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "ஒரு கிளாஸ் குடும்மா" என்றாள்.

ஜூஸ்காரம்மா கேனை மூடிக்கொண்டாள். "வேணாக்கா" என்று மெதுவாகச் சொன்னாள்.

"குடுங்கிறேன்ல."

வாங்கினாள். எல்லோரும் பார்க்க, நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். தோப்புகளில் என்னென்ன அடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாததா? பக்கத்து வயல்காரருக்கு மருந்து மிஞ்சினால் எங்கே அடிப்பார் என்று எனக்குத் தெரியாததா? கிளாஸைப் பிடுங்கலாமா என்று கைகூட உயர்ந்தது.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கிளாஸை வாங்கி என்னிடம் நீட்டினாள். "நீங்களும் குடிங்க. இவங்க உங்களைத்தான் பாக்குறாங்க."

நான் வாங்கிக் குடித்தேன்.