எதை நிறுத்தினீங்க?

பொறாமை சிலருக்கு நெஞ்சில் வரும் என்கிறார்கள். எனக்கு நேராக வயிற்றுக்குத்தான். என் கணவரின் தம்பி மனைவி, அதாவது என் ஓரகத்தி, எங்கள் பேராசிரியரின் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்த நாட்களில் எல்லாம் நான் மதியச் சோற்றைத் தொடாமல் டப்பாவை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். "இன்னாம்மா, சாப்புடவே இல்லியா?" என்பார் மாமியார். "பசிக்கல அத்தை" என்பேன். வயிறு முழுக்க எரிச்சல் உட்கார்ந்திருந்தால் சோறு எங்கே போய் உட்காரும்!

நான் பேரணாம்பட்டில் பிறந்தவள். அப்பா அங்கே ஒரு தோல் ஷெட்டில் சூப்பர்வைசர். தோல் நாற்றம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் வளர்ந்தேன். பொருளாதாரம் படித்தேன், வேலூரில் வாழ்க்கைப்பட்டேன், கல்லூரியில் தொகுப்பூதியத்துக்குப் பாடம் எடுத்தேன். பெண் பிறந்ததும் அதை விட்டேன்; முனைவர் பட்டம் பாதியில் தொங்கிப்போனது. ஆனாலும் பட்ஜெட் அன்று வீட்டில் எல்லோரும் டி.வி.யை விட்டுவிட்டு என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "எது ஏறுது, எது எறங்குது, நீ சொல்லும்மா" என்பார் மாமனார். நிதியமைச்சரே என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பேச எழுந்தவர் மாதிரி நானும் சொல்வேன். வருஷத்தில் ஒரு நாள் நான் ராணியாக இருந்ததில் யாருக்கு என்ன நஷ்டம்?

பிறகு அவள் வந்தாள். கலவைப் பக்கத்துப் பெண். நெல்லும் கரும்பும் விளைகிற ஊர்; தோல் என்றால் செருப்புக் கடையில் பார்த்ததோடு சரி. ஆனால் அவளும் எம்.ஏ. பொருளாதாரம். "பெரியவளுக்கு ஒரு தொணையாச்சு" என்று மாமனார் சந்தோஷப்பட்டார். துணையாம்! ஒரே உறையில் இரண்டு கத்தி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த பட்ஜெட்டுக்கு அவர் கேட்டது அவளை. முன்னே வந்த செவியைப் பின்னே வந்த கொம்பு மறைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

வந்த புதிதில் அவள் மேல் எனக்குப் பாசம் இருந்தது, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சமையலறையில் வெங்காயம் உரித்தபடி கதை பேசுவோம். அம்மா வீட்டில் செய்ததில் எதையெல்லாம் இங்கே வந்து விட்டுவிட்டாய் என்று நான் கேட்டால் போதும். ஸ்கூட்டி ஓட்டியது, மொட்டைமாடியில் படுத்துப் படித்தது, தம்பியோடு ரிமோட்டுக்குச் சண்டை போட்டது என்று மூச்சு விடாமல் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். வெங்காயத்தின் மேல் பழியைப் போடுவாள்.

என் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியாக இருந்த எங்கள் பேராசிரியருக்கு அப்போது ஒரு ஆராய்ச்சித் திட்டம் கிடைத்தது. வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் தொழிலைப் பற்றியது. வெளிநாட்டுக்காரன் வரியைக் கூட்டினால் இங்கே என்ன ஆகிறது, நம் அரசாங்கம் ஜி.எஸ்.டி.யிலும் மானியத்திலும் கை வைத்தால் என்ன ஆகிறது, இந்த வட்டாரம் தானாகப் புதிதாக ஏதாவது கண்டுபிடிக்கிறதா என்று மூன்று பகுதி. என்னைக் கூப்பிட்டார். மூன்றாவது பகுதி, அந்தப் புதுமை, எனக்கு. துறைமுகக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு ஆள் வேண்டும் என்றபோது, "எங்க வீட்லயே ஒரு பொண்ணு இருக்கு சார்" என்று கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்ததும் நான்தான். சொந்தச் செலவில் சூனியம்.

முதல் கட்டம் முடிந்ததும் இரண்டாம் கட்டத்துக்கு ஒரே ஒரு முழுநேர இடம் என்று பேராசிரியர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அந்த இடத்தில் உட்காருகிறவர் அதே வேலையை வைத்து முனைவர் பட்டத்தையும் முடித்துக்கொள்ளலாம். எனக்கு அதுதான் கடைசி பஸ். அது போய்விட்டால் மறுபடியும் வீட்டு ஹாலில் பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு டியூஷன். அவளுக்கு வயசு இருக்கிறது, இன்னும் பத்துத் திட்டம் வரும். ஆகவே அந்த இடம் என்னுடையது என்று நானே பட்டா போட்டுக்கொண்டேன்.

கேள்வித்தாளை நான் அழகாகத் தயாரித்தேன். புதுமைப் பகுதியின் முதல் கேள்வி, "கடந்த சில ஆண்டுகளில் உங்கள் தொழிற்சாலையில் புதிதாக என்ன செய்தீர்கள்?" எல்லா நாட்டு ஆராய்ச்சியிலும் இருக்கிற கேள்விதான். ஆம்பூரில் ஆரம்பித்து ராணிப்பேட்டை வரை கேட்டுக்கொண்டு போனேன். போன இடமெல்லாம் ஒரே பதில். "புதுசா இன்னாம்மா இருக்கு? எல்லாம் வாப்பா காலத்து வழிதான்." டீ கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. என் தாள்களைக் கூட்டிப் பார்த்தால் இந்த வட்டாரத்தில் புதுமை என்பதே கிடையாது என்று வந்தது.

எனக்குத் தெரியாதா? எங்கள் பக்கம் சேம்பிள் ரூமுக்குள் வெளியாள் நுழைந்தாலே புதுத் தோலை எல்லாம் கவிழ்த்துப் போட்டுவிடுவார்கள், சதைப்பக்கம் மேலே தெரிகிற மாதிரி. பக்கத்து ஷெட்காரன் கண்ணில் பட்டால் அடுத்த வாரமே அதே கலர், அதே பளபளப்பு அவனிடமும் வந்துவிடும். திருஷ்டி வேறு. சின்ன வயசில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன என்னைப் பார்த்தே கவிழ்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவள் போய், புதுசாக என்ன இருக்கிறது, காட்டு என்று கேட்டிருக்கிறேன்! அதைவிட மோசம், தோல்காரர் 'இல்லை' என்றால் மேலே கேட்கக் கூடாது என்பது எங்களுக்குப் பாலோடு ஊட்டிய மரியாதை. இல்லை என்றார்கள், நானும் இல்லை என்று எழுதிக்கொண்டு எழுந்து வந்தேன். வெளியூர்க்காரியாக இருந்தால் அசட்டுத்தனமாக இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பேன்.

அந்த வெளியூர்க்காரி வீட்டிலேயே இருந்தாள். ஒரு நாள் என் பெண்ணுக்குக் காய்ச்சல். ஆம்பூரில் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற ஒரு கம்பெனியில் நேரம் வாங்கியிருந்தேன். அமெரிக்காக்காரன் வரியைத் தாறுமாறாக ஏற்றியிருந்த சமயம். முதலாளிகள் யாரும் எளிதில் நேரம் கொடுக்க மாட்டார்கள், விடவும் மனசில்லை. "நீ போய்ட்டு வா, எப்படியும் ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லுவாங்க" என்று அவளை அனுப்பினேன்.

சாயந்திரம் முகமெல்லாம் பல்லாக வந்தாள். "அக்கா, அந்த முதலாளி பாய் ரெண்டு மணி நேரம் பேசினாரு. பிரியாணி வாங்கிக் குடுத்துட்டுத்தான் அனுப்பினாரு!" எனக்கு அத்தனை மாசத்தில் கிடைத்தது மாரி பிஸ்கட். என்ன கேட்டாய் என்றேன். "நீங்க எழுதினத கேட்டேன், இல்லன்னுட்டாரு. அப்புறம் சும்மா, எதை நிறுத்தினீங்கன்னு கேட்டேன். கொட்டித் தீத்துட்டாரு."

பாய் அமெரிக்க ஆர்டரை நம்புவதை நிறுத்தியிருந்தார். தானே சாயம் போடுவதை நிறுத்தியிருந்தார். மானியத்தில் வாங்கிய மெஷினை ஓட்டுவதை நிறுத்தியிருந்தார். அதிகாரி வரும் நாளில் மட்டும் துடைத்து வைப்பாராம். ஜி.எஸ்.டி. ரீஃபண்டுக்கு அலைவதையும் நிறுத்தியிருந்தார், ஆடிட்டர் ஃபீஸே அதைத் தின்றுவிடுகிறதாம். பேராசிரியர் இதைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஒண்ணை நிறுத்தினவன் கையைக் கட்டிட்டு ஒக்காந்திருக்க மாட்டான். அந்த எடத்துல வேற ஒண்ணு வந்திருக்கும். அதாம்மா புதுமை! வரிக்கும் புதுமைக்கும் நடுவுல இருக்கிற கதவே இதுதான்" என்றார். அவளைப் பார்த்துச் சொன்னார். நான் பக்கத்தில் ஒரு பீரோ மாதிரி நின்றேன்.

என்னால் முடிந்ததைச் செய்தேன். "ஒரே ஒரு கம்பெனி சார். இதை வெச்சு முடிவு பண்ண முடியாது" என்றேன். ஆராய்ச்சி முறைப்படி அது சரியான ஆட்சேபம். ஆனால் அதைச் சொன்னது என் படிப்பு இல்லை, என் வயிறு. பேராசிரியர் மகிழ்ந்துபோனார். "கரெக்ட்! நல்லா சொன்னீங்க. அப்ப எல்லாரையும் இந்தப் பொண்ணையே கேக்கச் சொல்லுவோம்." போச்சு. அவள் வாணியம்பாடி போனாள், பேரணாம்பட்டு போனாள். என் அப்பா வேலை செய்த ஷெட்டுக்கே போய், என்னிடம் 'இல்லை' என்று சொன்னவரிடமே, சதைப்பக்கம் மேலே போட்டிருந்த தோலைத் திருப்பிக் காட்ட வைத்துவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் எழுதியதை எழுத்துப்பிழை பார்க்கிறேன் என்று வாங்கி ஒற்று விட்ட இடத்தையெல்லாம் சிவப்பு மையில் சுழித்தேன். "தேங்ஸ் அக்கா" என்றாள் அந்தப் பாவி, நிஜமாகவே.

இரண்டாம் கட்ட இடம் அவளுக்குக் கிடைத்தது. பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க வருத்தப்பட மாட்டீங்க, ஒங்க வீட்டுப் பொண்ணுதானே" என்றார். என்ன வாய் மனுஷனுக்கு! வீட்டுப் பெண் என்பதால்தானே வயிறு எரிகிறது. முன்பின் தெரியாதவளுக்குக் கிடைத்திருந்தால் இரண்டு நாள் அழுதுவிட்டு மறந்திருப்பேன். இவள் தினமும் காலையில் என் எதிரிலேயே தலை வாரிக்கொண்டு கிளம்புவாளே.

நான் விலகுவதற்கு முன் ஆம்பூரில் அதே பாயிடம் இன்னொரு முறை போய்வரும் வேலை ஒன்று பாக்கி இருந்தது. வரிக்குப் பிறகு என்ன நிலைமை என்று கேட்க வேண்டும். அவளுக்கு அன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் கூட்டம். நானே போனேன். போகும்போதே முடிவு செய்துகொண்டேன், இந்த முறை அந்தக் கேள்வியை நானும் கேட்பது என்று. அவள் வாயில் பலித்தது என் வாயில் பலிக்காதா?

நான் உள்ளே நுழையும்போதே பாய் மேஜை மேல் இருந்த தோலைக் கவிழ்த்துவிட்டார். கை தானாகப் போனது. நான் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, "பாய், வரி ஏறினதுக்கு அப்புறம் எதை நிறுத்தினீங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இது அந்தப் பொண்ணு கேள்வியாச்சே! அவங்க வரலியா?"

"மீட்டிங் பாய். நானும் அதே ஆபீஸ்தான்."

"எத்தினியோ ஆபீசருங்க வந்திருக்காங்க மேடம், இப்படி யாரும் கேட்டதில்ல. எங்கேம்மா படிச்சே இதைன்னு நானே கேட்டுட்டேன். படிக்கல பாய், கல்யாணமாகி வந்த புதுசுல எங்க பெரிய அக்கா கிச்சன்ல வெச்சு என்னைக் கேப்பாங்க, நீ எதையெல்லாம் நிறுத்திட்டேன்னு. அவங்க கேட்டா உள்ள இருக்கிறதெல்லாம் தானா வந்துடும், அங்க புடிச்சதுதான்னு சொல்லிச்சு." என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "வேலூர்தானே நீங்களும்? அந்த அக்கா நீங்கதானா?"

தலையை ஆட்டினேன் போலிருக்கிறது. பாய் கையை நீட்டி மேஜை மேல் இருந்த தோலைத் திருப்பி நிமிர்த்திப் போட்டார். அரக்கு நிறத்தில் மெழுகு தேய்த்தது போல இருந்தது. "ஐரோப்பா பார்ட்டிக்கு. இன்னும் யாருக்கும் காட்டல. ஒங்களுக்கு இன்னா, நம்ம வீட்டு ஆளு" என்றார். பிரியாணியும் வந்தது. ஒரு வாய் இறங்கவில்லை.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒரே கொதிப்பு. என் கேள்வி. என் வெங்காயம், என் சமையலறை, என் வாய். அதை எடுத்துக்கொண்டு போய் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குள் நுழையும்போதே இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் நுழைந்தேன். அவள் அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "பஸ் ஈஸியா கெடச்சுதாக்கா?" என்றாள்.

"அந்தக் கேள்வி நான் உன்னைக் கேட்டதாமே. பாய் சொன்னாரு. சார்கிட்ட அதை ஏன் சொல்லல?"

புளிக்கையோடு திரும்பினாள். அவள் முகத்தில் கள்ளம் தெரியும் என்று பார்த்தேன். எங்கே தெரிந்தது! "சொன்னேனே அக்கா. மொத நாளே, நீங்க வெளிய போனதும் சொல்லிட்டேன். இது எங்க அக்கா கேள்வி சார், அவங்களுக்குத்தான் பேரு போவணும்னேன்."

"அதுக்கு அவர் இன்னா சொன்னாரு?"

சொல்லத் தயங்கினாள். நான் விடவில்லை.

"கேள்வி யாருக்கு வேணா வரும்மா, அதை வெளிய எடுத்துட்டுப் போய்க் கேட்டது நீதானேன்னாரு."

அவள் திருடியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! திட்டியிருக்கலாம், நாலு பேரிடம் சொல்லி அழுதிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள். நான் மாசக்கணக்காக வெங்காயத்தோடு கேட்டுவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வந்த கேள்வியை அவள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள்.

"தள்ளு, குழம்பை நான் வெக்கிறேன்" என்று கரண்டியைப் பிடுங்கினேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று மாமனார் சொன்னார், மாமியார் சொன்னார், என் பெண்கூடச் சொன்னாள். அவள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.