டிரெய்னிக்குப் போட்ட பால்சோறு

போன வாரம் திருவள்ளூர் லோக்கலில் பக்கத்து சீட்டுப் பெண் தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். யார் வீட்டு சோபாவிலோ உடம்பெல்லாம் வரி போட்ட ஒரு குட்டி, கழுத்தில் சிவப்பு ரிப்பனோடு பால் பாட்டிலைச் சப்பிக்கொண்டிருந்தது. "காட்டுப்பூனையாம் ஆன்ட்டி. செம க்யூட் இல்ல?" என்றாள். ஆன்ட்டி என்றதைக்கூட மன்னித்துவிட்டேன். அந்தப் பாலைத்தான் பார்க்க முடியவில்லை. பாலும் சோறும் கலந்து புளித்த வாடை ஒன்று எங்கிருந்தோ வந்து ஏறிக்கொண்டது, வேப்பம்பட்டு தாண்டியும் இறங்கவில்லை.

அது கும்மிடிப்பூண்டியில் எங்கள் ரூமின் வாடை. அங்கே ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து மிஷினில் ஸ்டெல்லா. ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பெண், அப்பாவை நைனா என்பாள், கோபம் வந்தால் என்னையும் நைனா என்பாள். தகர ஷீட் போட்ட லைன் வீட்டில் கடைசி ரூம் எங்களுடையது. வெயில் காலத்தில் அதில் அப்பளம் பொரிக்கலாம். ஆனாலும் சொல்கிறேன், அதற்கப்புறம் எத்தனையோ வீடு பார்த்துவிட்டேன், டைல்ஸ் போட்டது, பால்கனி வைத்தது, எதிலும் அப்படிச் சிரித்ததில்லை.

ஹவுஸ் ஓனர் அம்மா கவுச்சி தொடாதவர். அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிட்டார்: "இந்த ஊட்ல கவுச்சி வாடை வந்துச்சி, அன்னிக்கே சாமானத் தூக்கி வெளிய வெச்சிடுவேன்." நாங்கள் இரண்டு பேரும் கருவாட்டைக் கனவில் கண்டு வாழ்ந்தோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

லைன் வீட்டுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டியவரை சீமைக்கருவேலம் புதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை புது ஷெட் கட்ட ஜேசிபி வந்து பாதியை வாரிப் போட்டுவிட்டுப் போனது. துணி எடுக்கப் போன ஸ்டெல்லா, சுடிதார் ஷாலில் ஒரு குட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள்.

"மண்ணு மேல தனியா குந்திகினு இருந்துச்சிடி. அம்மா இல்ல போல, தூக்கிக்கினு வந்துட்டேன். எந்தப் பாவியோ வால வேற பாதில வெட்டிட்டான் பாரு."

நானும் வாலைப் பார்த்து உச்சுக் கொட்டினேன். அந்த ஜாதிக்கு வாலே அவ்வளவுதான் என்று எங்களுக்கு யார் சொன்னது? காது நுனியில் மை தீட்டின மாதிரி கறுப்பு முடி. காலோ நெட்டைக் கால். வாட்டசாட்டமான பூனை என்று நினைத்துக்கொண்டோம். லைன் வீட்டில் இருந்த எல்லோரும் கம்பெனியில் டிரெய்னி என்பதால் அதற்கும் டிரெய்னி என்றே பெயர் வைத்தோம்.

ஓனர் அம்மா எட்டிப் பார்த்து, "பூனை இருந்தா எலி வராது, இருக்கட்டும். ஆனா மீனு கீனு வாங்கியாராதீங்க" என்றார். சரி, பூனை என்றால் பால்தானே? பால்சோறு போட்டோம். கேன்டீனில் மிஞ்சின தயிர்சோற்றை டிபன் பாக்ஸில் கொண்டுவந்து போட்டோம். தெருநாய்க்குப் பயந்து ரூமை விட்டு வெளியே விடவில்லை, அதுவும் வேறு வழியில்லாமல் தின்றது. ஸ்டெல்லாவின் யூனிபார்முக்குள் புகுந்து தூங்கும். நான் வேலை விட்டு வந்தால் நெற்றியால் என் கணுக்காலை முட்டும். அந்த முட்டலுக்காகவே கம்பெனி கேட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வருவேன்.

நாலைந்து மாதத்தில் முட்டல் நின்றுவிட்டது. மூலையில் பதுங்கிக்கொண்டு சீறும். ஒருநாள் சோறு வைத்துவிட்டு முதுகைத் தடவப் போனாள் ஸ்டெல்லா, கட்டை விரலுக்குக் கீழே கடித்தது பாருங்கள், பல் எலும்பு வரை இறங்கிவிட்டது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் நாய்க்கடிக்குப் போடுகிற ஊசி முழுசாகப் போட்டார்கள். மூன்று வாரம் கம்பியைப் பிடிக்க முடியவில்லை அவளால். அவள் என்னமோ, "அது இன்னா பண்ணும், பயந்துச்சி" என்று அதற்கே வக்காலத்து வாங்கினாள்.

அப்புறம் ஒரு காலையில் டிரெய்னி ஷெல்புக்குத் தாவி, பாதியில் விழுந்தது. எழுந்தபோது பின்னங்கால் இரண்டும் தரையில் இழுபட்டன.

அட்டைப்பெட்டியில் வைத்து ஷேர் ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா எங்கள் வயசுதான் இருப்பார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இது காட்டுப்பூனைம்மா. வீட்ல வெச்சிருந்தாலே கேஸு. இன்னா போட்டு வளத்தீங்க?"

"பால்சோறு மேடம்."

"எலியையும் குருவியையும் எலும்போட கடிச்சித் தின்ற ஜாதிம்மா இது. பால்சோத்துல எலும்பு எப்டி நிக்கும்? உள்ள எல்லாம் வளைஞ்சி போயிருக்கு."

ஸ்டெல்லா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. ஓனர் அம்மாவின் மூக்குக்குப் பயந்து ஒரு உயிரை நொண்டியாக்கியிருந்தோம்.

டாக்டரம்மா போன் போட, வனத்துறை ஆள் ஒருவர் கூண்டோடு வந்தார். திட்டுவார் என்று நின்றோம். திட்டவில்லை. எங்கே எடுத்தோம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "தாய்ப்பூனை தேடி வரலியா? புதரக் கலைச்சா அது குட்டிங்கள ஒண்ணொண்ணா கவ்விக்கினு வேற இடத்துக்குப் போவும். மீதி இருக்கிற குட்டி தனியா குந்திகினு இருக்கும். திரும்பி வந்து கூப்புடுமே" என்றார்.

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கூப்பிட்டது. குட்டி வந்த அன்றும், அடுத்த இரண்டு நாளும், பொழுது சாய்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் அடித்தொண்டையில் ஒரு சத்தம். விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. குட்டியும் உள்ளேயிருந்து கத்தியது. பசி என்று ஸ்டெல்லா இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "இன்னாடி பேஜாரு" என்று ஜன்னலைச் சாத்தினது நான்.

டிரெய்னி பிழைத்தது. ஆனால் இனிமேல் காட்டில் விட முடியாது, ஆயுசுக்கும் கூண்டுதான் என்று பிறகு விசாரித்தபோது சொன்னார்கள். ஸ்டெல்லா கல்யாணமாகி அத்திப்பட்டுக்குப் போனாள். கொஞ்ச நாள் பேசிக்கொண்டிருந்தோம், நம்பர் மாறிவிட்டது.

நேற்று லீவு போட்டுவிட்டு அந்த இடத்துக்குப் போனேன். லைன் வீடு இல்லை. பின்னால் ஒரு புதர்கூட இல்லை, கன்டெய்னர்களை மூன்றடுக்காக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பொழுது சாயும் வரை காம்பவுண்டு ஓரமாக நின்றேன். லாரிகள் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்தான் கேட்டது. செக்யூரிட்டி வந்து, "யாரம்மா தேடறீங்க?" என்றார்.

"மூணு நாள் இங்க வந்து கூப்ட்டாங்க. நான்தான் கதவு தொறக்கல" என்றேன்.