இடம் விடத் தெரியாத பெயிண்டர்

என் அண்ணனுக்குக் கடைகளுக்கு போர்டு எழுதுவதுதான் தொழில். எழுத்து மணிமணியாக இருக்கும். ஆனால் காலி இடத்தைக் கண்டால் அவனுக்கு ஆகாது. பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறதென்று இரண்டு பூவையாவது போட்டு அடைத்துவிடுவான்.

நான் வேதியியல் டீச்சராக இருக்கும் பள்ளியில், லேப் சுவரில் தனிம அட்டவணை எழுத ஆள் தேடினார்கள். அண்ணனைச் சொன்னது நான்தான். அவனும் துள்ளிக் குதித்து ஒப்புக்கொண்டான். இதே பள்ளியில் வேதியியலில் பதினொரு மார்க் வாங்கிப் படிப்பை விட்டவன் அவன். அந்தச் சுவரின் மூலையில் தன் பெயர் இருக்க வேண்டுமென்று அப்படி ஓர் ஆசை. அந்தப் பதினொன்றைப் போட்டவர்தான் இப்போது தலைமையாசிரியை. அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒரு தப்பு இருந்தாலும் வெள்ளையடிச்சு அழிச்சிடுவேன்."

அட்டவணைத் திறப்பு விழா மாலை நாலு மணிக்கு. காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். மேல் மூன்று வரிசைகளின் நடுவே இருக்க வேண்டிய காலி இடத்தைக் காணவே காணோம். வலது ஓரத்துக் கட்டங்கள் பதின்மூன்றையும் இடதுபக்கம் நகர்த்தி நெருக்கி எழுதியிருந்தான். நியானும் ஆர்கானும் இரும்பின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தன.

"நீ குடுத்த அட்டவணைய அச்சடிச்சவன் இடத்த வீணாக்கியிருந்தான். நான் சரி பண்ணிட்டேன்," என்றான் பெருமையாக.

"குடியக் கெடுத்தியே அண்ணா! மேலருந்து கீழ ஒவ்வொரு வரிசையும் ஒரு குடும்பம். கீழ போகப் போக அணுவுக்கு ஒரு சுத்து கூடும். வெளியில இருக்கற எலக்ட்ரான் மையத்துக்கு தூரமாயிடும், பிடி தளரும். அதான் தண்ணியில போட்டா சோடியத்தவிட பொட்டாசியம் அதிகமா ஆட்டம் போடும்."

"பக்கவாட்டுல போனா?"

"சுத்து அதேதான். மையத்தோட இழுப்பு ஏறிக்கிட்டே போகும், அணு சுருங்கும். கடைசிக் குடும்பத்துக்கு வெளிச் சுத்து நிறைஞ்சிடும். அது யாரோடயும் சேராது."

"நம்ம விளக்கு போர்டு நியானா? குழாய்க்குள்ள வருஷக்கணக்கா எரிஞ்சாலும் அப்படியேதான் இருக்கும்!" சொல்லிக்கொண்டே அண்ணாந்து பார்த்தான். முகம் தொங்கிப்போயிற்று. "அதையா நான் இரும்புகூட சேத்து வெச்சேன்?"

அவன் ஏணியில் ஏறி, தப்பான கட்டங்களை அழித்து வலது ஓரத்தில் எழுதத் தொடங்கினான். நான் விடைத்தாள் கட்டால் விசிறி விசிறிப் பெயிண்டைக் காயவைத்தேன். பதின்மூன்றாவது கட்டம் முடிந்தபோது மணி மூன்றே முக்கால்.

தலைமையாசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுவரைக் கட்டம் கட்டமாகப் பார்த்தார். "நடுவுல ஏன் இவ்வளவு இடம் சும்மா கெடக்கு?"

என்னைத்தான் கேட்டார். முந்திக்கொண்டது அண்ணன்.

"ஒரு குடும்பம்னா ஒண்ணுக்குக் கீழ ஒண்ணாத்தான் நிக்கணும் டீச்சர். கீழ வந்தா பிடி தளரும், வலது பக்கம் போனா இறுகும். இடத்த அடைச்சா எது எப்படின்னே தெரியாது."

"எங்க படிச்சீங்க?"

"இங்கதான் டீச்சர். உங்ககிட்டதான் பதினொரு மார்க் வாங்கினேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "உங்க பேர எழுதுங்க. மூலையில வேண்டாம், அந்தக் காலி இடத்துலயே பெருசா எழுதுங்க."

எனக்கு சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அண்ணனோ பதறிப்போனான்.

"ஐயோ, அங்க வேண்டாம் டீச்சர்! அது காலியாத்தான் இருக்கணும்."

பிறகு கீழே மூலையில் குந்தி உட்கார்ந்து, தன் பெயரைச் சின்னதாக எழுதினான்.