பெரியப்பாவின் பதினான்கு வருடங்கள்

என் பெரியப்பா கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்று மைசூர்ச் சிறையில் இருந்தார். ஹனூர்ப் பக்கம் எங்கள் ஊர். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில், பக்கத்துக் காட்டுக்காரரை மண்வெட்டியால் அடித்துவிட்டார். செய்யவில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்போது நாங்கள் மைசூரில் குடியிருந்தோம். பெரியம்மா எங்களோடு வந்து தங்கி, ஊதுபத்தி உருட்டும் வேலைக்குப் போனாள். கைதிகளைப் பார்க்கவிடும் நாளில் எள்ளுருண்டையோடு முதல் ஆளாக வாசலில் நிற்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அன்றைக்கே பெரியம்மா கேட்டாள்: "ஏங்கண்ணு, ஆயுளுன்னா எத்தன வருசம்? உள்ள இருக்கறவங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்களாமா."

தீர்ப்பு நகலைப் புரட்டினேன். அதில் எண்ணே இல்லை. 'ஆயுள்' என்று மட்டும் இருந்தது. அவளை வக்கீலிடம் அழைத்துப் போனேன். கோர்ட் வருடம் குறிப்பதில்லை, ஆயுள் என்றால் சாகும்வரைதான் என்றார் அவர். அரசாங்கம் நினைத்தால் முன்பே விடலாம். ஆனாலும் இந்த மாதிரிக் கொலை வழக்கில் பதினான்கு வருடம் முழுசாக உள்ளே இருந்தாக வேண்டும். நன்னடத்தைக்குக் கழிக்கிற நாட்கள் அதைக் குறைக்காது.

பெரியம்மா முகம் வாடிவிட்டது. தீர்ப்பு வந்து பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

"தீர்ப்புக்கு முன்னாடி ஜாமீன்ல இருந்தாரா?" என்று வக்கீல் கன்னடத்தில் கேட்டார்.

"இல்லீங்க. புடிச்ச நாள்ல இருந்து உள்ளதான். ஒரு வருசம் கேசு நடந்துச்சு."

"அதுவும் சேரும்மா."

அடுத்த முறை நானும் சிறைக்குப் போனேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வந்ததுமே, "ஏனுங்க, ஒரு வருசம் கொறஞ்சு போச்சுங்க!" என்று பெரியம்மா கத்தினாள். நான் விளக்கிச் சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "அப்ப எள்ளுருண்டைய இத்தன கெட்டியாப் புடிக்காத. வெளிய வாரப்ப பல்லு ரெண்டாவது இருக்கட்டும்" என்றார். காவலரும் சிரித்துவிட்டார்.

பதினான்கு முடிந்ததும் விடுதலை மனுவை நானே டைப் செய்தேன். உத்தரவு வர மேலும் எட்டு மாதம் ஆயிற்று.

வெளியே வந்தவர் ஊருக்குப் போக மறுத்துவிட்டார். இறந்தவரின் மனைவி அங்கேதான் இருந்தார். "அந்தம்மா மூஞ்சில எப்பிடி முழிக்கறது?" என்றார். மைசூரிலேயே விஜயநகர்ப் பகுதியில் நாலைந்து வீடுகளுக்குத் தோட்ட வேலை பார்த்தார். சாயங்காலமானால் அவர் வேலை செய்யும் வீட்டு வாசலில் பெரியம்மா போய் நிற்பாள்.

"வழி தெரியாதா எனக்கு?" என்பார்.

"தெரியுமுங்க. சும்மாதான் வந்தேன்."